நாலு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு சார்?

பி.காம். படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. டாக்டருக்குப் படித்தவனிடம் தலைவலிக்கு மாத்திரை கேட்பார்கள். வக்கீலுக்குப் படித்தவனிடம் வேலித் தகராறு கேட்பார்கள். பி.காம். படித்தவனிடமோ சீட்டு, அடகு, வட்டி, வருமான வரி, ரேஷன் கார்டில் பேர் நீக்கம் என்று சகலமும் கேட்பார்கள். கடன் மட்டும் கேட்க மாட்டார்கள். அவனிடம் இருக்காது என்று ஊருக்கே தெரியும்.

போன மே மாதம் ஒரு ராத்திரி, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மூன்றாம் நாள், கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, பாப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைச்சிருச்சுடா! ஸ்காலர்ஷிப்போட!"

"கவுன்சலிங் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேக்கா?"

"கவுன்சலிங்லாம் வேண்டாமாம். காலேஜ்லேர்ந்து ஒரு சார் வீட்டுக்கே வந்தாரு. டை கட்டியிருந்தாரு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள 25,000 கட்டி, மார்க் ஷீட், டி.சி. ஒரிஜினலைக் குடுத்துட்டா சீட் கன்ஃபர்ம். அத்தான் என் செயினை வைக்கக் காலையில போறாங்க."

நம் ஊரில் டை கட்டியவர்களுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. மே மாத வெயிலில், கோவில்பட்டியில், ஒரு மனிதன் கழுத்தைத் தானே இறுக்கிக்கொண்டு வருகிறான் என்றால் அவன் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

"செயினைக் கழட்டாதே. நான் வரேன்" என்று சொல்லிவிட்டு ராத்திரி பஸ்ஸைப் பிடித்தேன்.

*

அத்தான் குட்டியானை ஓட்டுகிறார். (வெளியூர் வாசகர்கள் பதற வேண்டாம். நாலு சக்கரக் குட்டி லாரி.) மதுரை, தூத்துக்குடி என்று தீப்பெட்டி பண்டல் ஏற்றுவார். ராத்திரியெல்லாம் ஓட்டிவிட்டு வந்தவர், முகம்கூடக் கழுவாமல் அந்த காலேஜ் பேப்பரை என்னிடம் நீட்டினார்.

"பாருங்க மாப்ளே. வருஷத்துக்கு 1,20,000. ஸ்காலர்ஷிப் 30,000 போக 90,000-தான். நாலு வருஷத்துக்கு 3,60,000. சமாளிச்சிரலாம்."

வழவழப்பான பேப்பர். முன்பக்கம் பூங்கா, பின்பக்கம் சிரிக்கும் மாணவிகள். கணக்கு மட்டும் மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

முதல் எறும்பு: உதவித்தொகை முதலாம் ஆண்டுக்கு மட்டும்.

இரண்டாம் எறும்பு: இதர கட்டணங்கள் ஆண்டுக்கு 40,000.

மூன்றாம் எறும்பு: பஸ் 35,000. அனைவருக்கும் கட்டாயம்.

நான்காம் எறும்பு: ஒருமுறை கட்டணம் 25,000.

பேப்பரின் பின்பக்கம், சிரிக்கும் மாணவியின் நெற்றியிலேயே கூட்டினேன். கல்விக் கட்டணம் முதல் வருஷம் 90,000, மீதி மூன்று வருஷம் 3,60,000, ஆக 4,50,000. இதர 1,60,000. பஸ் 1,40,000. ஒருமுறை 25,000. மொத்தம் 7,75,000.

அத்தான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். அப்புறம் பேப்பரை மடித்துக் குட்டியானை சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஏழே முக்கால்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆடி மாதம் ஜவுளிக்கடையில் பார்த்திருப்பீர்கள். 1,000 ரூபாய்ப் புடவைக்கு 1,400 என்று ஸ்டிக்கர் ஒட்டி, அதைச் சிவப்பு மையால் அடித்து, 'ஆடித் தள்ளுபடி 400' என்று எழுதுவார்கள். அந்த 'ஸ்காலர்ஷிப்' இந்த ரகம். அரசாங்கம் தருவது உதவித்தொகை. தன் விலையைத் தானே குறைத்துக்கொள்வது தள்ளுபடி. தள்ளுபடி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நம்பி செயினைக் கழட்ட வேண்டாம் என்கிறேன்.

*

அன்று மத்தியானம் தரையில் உட்கார்ந்து, பாப்பாவின் பழைய கணக்கு நோட்டில் நாங்கள் நாலு பேரும் போட்ட கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். ஏனென்றால், ஆபீஸ் போகிற தம்பிமார்களே, இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மே மாதம் உங்களுக்கும் இந்த போன் வரும். 'நீதானே படிச்சவன்' என்று.

முதல் பாடம்: ஒரே காலேஜுக்கு இரண்டு வாசல்.

தனியார் பொறியியல் கல்லூரியில் கவுன்சலிங் வாசல் ஒன்று, நிர்வாக ஒதுக்கீடு என்கிற மேனேஜ்மென்ட் வாசல் ஒன்று. உள்ளே போனால் ஒரே பெஞ்ச், ஒரே வாத்தியார், ஒரே கேன்டீன், ஒரே புளித்த சாம்பார். விலைதான் வேறு. கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வைத்த கல்விக் கட்டணம், கவுன்சலிங் சீட்டுக்கு வருஷம் 50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. (நீங்கள் சேரும் வருஷத்து எண்ணை அந்த வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள்.) அந்த எண்களை வைத்தே பார்த்தாலும் வித்தியாசம் வருஷத்துக்குக் குறைந்தது 32,000. நாலு வருஷத்துக்கு 1,28,000.

அதற்கு மேல் 'டெவலப்மென்ட்', 'நன்கொடை' என்று கேட்டால் அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. கட்டாய நன்கொடையைத் தமிழ்நாடு 1992-லேயே தடை செய்துவிட்டது. வங்கியும் நன்கொடைக்குக் கடன் தராது. ரசீது இல்லாத பணத்துக்கு எவன் கடன் கொடுப்பான்?

இதைவிடப் பெரிய விஷயம், அரசாங்கத்தின் முக்கியமான சலுகைகள் கவுன்சலிங் வாசலில்தான் நின்றுகொண்டிருக்கின்றன. முதல் பட்டதாரி சலுகை அப்படி. 2010-11 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. வீட்டில் முதல் முதலாகப் பட்டம் படிக்கிற பிள்ளை கவுன்சலிங்கில் தொழிற்கல்வி சீட் வாங்கினால், கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படியே. பொறியியலுக்கு அது வந்தது 2021-ல். அதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்பதாக அந்த வருஷமே அறிவித்தார்கள்.

இதைச் சொன்னதும் அத்தான் முகம் சுருங்கியது. பாப்பாவை மெட்ரிக் பள்ளியில் சேர்த்து, பன்னிரண்டு வருஷம் ஃபீஸ் கட்டியவர். பக்கத்துத் தெருப் பையன் அரசுப் பள்ளி.

"அப்ப நான் கட்டினதெல்லாம்?"

"அவ இங்கிலீஷ் நல்லாப் பேசுறா அத்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

*

அடுத்து வந்தது என் தலைக்கே வந்த ஆபத்து.

"முதல் பட்டதாரி நமக்குக் கிடைக்காதாம்டா" என்றாள் அக்கா, மெதுவாக. "பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நீ பி.காம். படிச்சிருக்கியே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த பி.காமினால் எனக்குத்தான் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நினைத்திருந்தேன். அடுத்தவர்களுக்கு நஷ்டம் வேறா?

இல்லை. விசாரித்துவிட்டேன். அந்தச் சான்றிதழுக்குப் பார்ப்பது பிள்ளையின் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி. மாமா கணக்கில் கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவையாக 'நீ கணக்கில் இல்லை' என்று சொன்னதற்கு சந்தோஷப்பட்டேன்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழும் அதே இடம்தான். இது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். எனவே போன வருஷத்துச் சான்றிதழை லேமினேஷன் போட்டு வைத்திருப்பவர்கள் அதைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

வருமானம் என்று சொன்னேன் இல்லையா, அதில் நாலு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இரண்டரை லட்சம்: எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு.

நாலரை லட்சம்: கல்விக் கடன் வட்டி மானியத்துக்கு வரம்பு. ப்ளஸ் டூவில் முதல் இருபது சதவீதத்துக்குள் வருகிற மாணவர்களுக்கு, மதிப்பெண் வரிசைப்படி, பட்டப்படிப்பின் முதல் மூன்று வருஷம் ஆண்டுக்கு 12,000 தருகிற மத்திய அரசு உதவித்தொகைக்கும் இதே எண்தான்.

ஐந்து லட்சம்: ஐ.ஐ.டி.க்கு. 2016-ல் அங்கே கல்விக் கட்டணத்தை வருஷம் 2,00,000 ஆக்கினார்கள். அதைக் கேட்டு மிரண்டு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு. ஒரு லட்சத்துக்குக் கீழே வருமானம் என்றால் கட்டணம் முழுசாக ரத்து, ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு ரத்து என்பதும் அதே உத்தரவில்தான் வந்தது. போர்டில் எழுதியிருக்கிற விலை வேறு, நீங்கள் கொடுக்கப்போகிற விலை வேறு.

எட்டு லட்சம்: ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை. தொழில்நுட்பம் படிக்கிற பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. எண்ணிக்கை உண்டு, தகுதி வரிசை உண்டு, எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆனால் விண்ணப்பிக்காதவர்களுக்கு நிச்சயம் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. இதை வாங்கினால் அதை வாங்கக் கூடாது என்று சிலவற்றில் நிபந்தனை இருக்கும். எறும்புகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவும்.

*

மறுநாள் நானும் அத்தானும் வங்கிக்குப் போனோம். எந்த வங்கி என்று கேட்காதீர்கள். மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் கல்விக் கடன் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு லேசாகக் கொட்டாவி வந்தது.

"நீங்க இருக்கிற தெரு எங்க பிராஞ்ச் ஏரியா இல்லையே."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். இதற்காகத்தான் ராத்திரி முழுக்கப் படித்திருந்தேன். "ஏரியா இல்லைங்கிற காரணத்துக்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012 நவம்பர்ல சுற்றறிக்கை அனுப்பியிருக்கு சார்."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க ஆடிட்டரா?"

"பி.காம்."

"உட்காருங்க."

(தம்பிமார்களே, அந்த ஒரு 'உட்காருங்க'வுக்காகத்தான் மூன்று வருஷம் படித்தேன் போலிருக்கிறது.)

அப்புறம் அவர் மனம் விட்டுப் பேசினார். "கஷ்டம் என்னன்னா சார், ஃபீஸ் கட்டக் கடைசி நாள், சாயங்காலம் மூணரைக்கு ஓடி வர்றாங்க. காலேஜ் லெட்டர் கிடையாது. வருமானச் சான்றிதழ் கிடையாது. எவ்வளவு வேணும்னு கேட்டா, முதல் வருஷ ஃபீஸைச் சொல்றாங்க. நான் முழுப் படிப்புக்கும் சேர்த்துத்தான் கடனை நிர்ணயம் பண்ணணும். அப்புறம் ரெண்டாம் வருஷம் வந்து அழுதா நான் என்ன செய்ய? நாலு வருஷத்துக்கும் என்னென்ன செலவுன்னு காலேஜ் லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கிட்டு வாங்க. பாதி வேலை முடிஞ்சுது."

அவர் சொன்ன மற்றவை: நாலு லட்சம் வரை நம் கையிலிருந்து ஒரு ரூபாய் போட வேண்டாம், ஜாமீன் சொத்தும் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏழரை லட்சம் வரை மத்திய அரசின் உத்தரவாத நிதி 2015-லிருந்து இருக்கிறது. அதன் கீழ் வருகிற கடனுக்குச் சொத்தும் வேண்டாம், மூன்றாம் மனிதர் ஜாமீனும் வேண்டாம். கட்டணம், புத்தகம், விடுதி, லேப்டாப் எல்லாம் கடனில் அடங்கும். படிப்புக் காலமும், முடித்து ஒரு வருஷமும் தவணை கிடையாது. அதற்கப்புறம் பதினைந்து வருஷம் வரை கட்டலாம்.

"அஞ்சு வருஷம் கட்டவே வேண்டாமா!" என்றார் அத்தான், ஆனந்தமாக.

இங்கேதான் என் பி.காம். விழித்துக்கொண்டது. கட்ட வேண்டாம் என்றால் வட்டி தூங்குகிறது என்று அர்த்தமில்லை அத்தான்.

கணக்கு சுலபத்துக்கு வருஷம் ஒரு லட்சம், நாலு வருஷம், பத்து சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000. இரண்டாவதுக்கு 40,000. மூன்றாவதுக்கு 30,000. கடைசி லட்சத்துக்கு 20,000. ஆக, முதல் தவணை கட்டும் முன்பே 1,40,000 ஏறிவிடும். நாலு லட்சம் வாங்கிய பிள்ளை 5,40,000 கடனோடு வேலை தேடும். பத்து வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 7,136 ரூபாய். மாறாக, படிக்கும்போதே அந்தந்த மாத வட்டியைக் கட்டிக்கொண்டே வந்தால், முதல் வருஷம் மாதம் 833 ரூபாய், நாலாம் வருஷம் 3,333. அப்புறம் தவணை 5,286 தான். பல வங்கிகள் அதற்கு ஒரு சதவீத வட்டியும் குறைக்கின்றன.

இன்னொரு வழி அதைவிட நல்ல வழி. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாக இருந்து, கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ நாக், என்.பி.ஏ. மாதிரி உரிய அங்கீகாரம் இருந்தால், அந்த ஐந்து வருஷ வட்டியை மத்திய அரசே கட்டுகிறது. 2009-லிருந்து இருக்கும் திட்டம். அதாவது 60 ரூபாய் வருமானச் சான்றிதழ், அங்கீகாரம் உள்ள கல்லூரி, இந்த இரண்டும் சேர்ந்தால் 1,40,000 ரூபாய். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் எட்டு லட்சம் வருமானம் வரை மூன்று சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள். உங்கள் காலேஜ் அதில் இருக்கிறதா என்பதைச் சேரும் முன் பாருங்கள். சேர்ந்தபின் பார்த்தால் பொதுஅறிவுதான் வளரும்.

*

டைக்காரர் சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்கு வந்தார். பாப்பாவே பேசினாள். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சார், நாலு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு சார்? லெட்டர்ஹெட்ல எழுதித் தர முடியுமா?"

"அதெல்லாம் சேர்ந்தப்புறம் தருவோம்மா. முதல்ல ஒரிஜினல் சர்டிபிகேட்ஸ்..."

"ஒரிஜினலைக் காலேஜ்ல பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்காம் சார். எங்க மாமா சொன்னாங்க."

டைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கவுன்சலிங்கில் பாப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக்ஸ்தான் கிடைத்தது, வேறு காலேஜில், அங்கீகாரம் உள்ள பிரிவில். ஒரு நாள் முழுக்க அழுதாள். அப்புறம் அவளே நோட்டை எடுத்து, இந்தக் காலேஜ் மொத்தம் 4,20,000, முதல் பட்டதாரி சலுகை போக இன்னும் குறையும், அந்தக் காலேஜ் 7,75,000 என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பெரிய கணக்கின் மேல் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டை அவள் சந்தோஷமாகப் போடவில்லை. ஆனால் அவளே போட்டாள்.

*

கடைசியாக ஒன்று. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையம் போயிருந்தோம். கம்ப்யூட்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்: "அம்மா என்ன படிச்சிருக்காங்க?"

"ப்ளஸ் டூ" என்றாள் அக்கா. அப்புறம், யாரும் கேட்காமலே, "1,031 மார்க்" என்றாள்.

அது 2002. என் அக்காவைக் காலேஜில் சேர்க்கவில்லை. 'பின்னாடி தம்பி படிக்கணும், ரெண்டு பேருக்கும் காலேஜ் செலவு நம்மால ஆகாது' என்று அப்பா சொன்னார். ஆகாது என்ற அந்தச் செலவு எவ்வளவு என்று அப்பா எந்தக் காலேஜ் வாசலிலும் போய்க் கேட்கவில்லை. நாலு வருஷம் கழித்து அதே ஊர்ப் பக்கத்துக் காலேஜில் நான் பி.காம். சேர்ந்தபோது ஃபீஸ் ரசீதைப் பார்த்து அப்பா, "இவ்வளவுதானா?" என்றார். அக்கா அப்போது கல்யாணமாகி அத்தான் வீட்டில் இருந்தாள்.

அந்த 'இவ்வளவுதானா' இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அது பெரிய தொகையோ சின்னத் தொகையோ, பயப்படுவதற்கு முன்னாலும் சந்தோஷப்படுவதற்கு முன்னாலும் ஒரு தடவை மொத்தம் கேட்டுவிடுங்கள்.

போன வாரம் அக்கா மறுபடி போன் செய்தாள். "தம்பி, தபால்ல பி.ஏ. படிக்கலாமாமே. மூணு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவுடா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "இப்ப வேண்டாம், பாப்பா முதல்ல முடிக்கட்டும். நான் பட்டதாரி ஆயிட்டா அவ சலுகை போயிரப் போகுது. சும்மா எவ்வளவுன்னு கேட்டு வையி."

கேட்டுக்கொண்டிருக்கிறேன்.